பர்ஜ் செய்தும் தீராத கோளாறுகள்: சிடிஎன், எட்ஜ் சிக்கல்களை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

டிப்ளாய் (புதிய வெர்ஷனைத் தளத்தில் ஏற்றுவது) முடிந்ததும் "எனக்கு இன்னும் பழசுதான் வருது" என்று யாராவது சொன்னால், பெரும்பாலான ஃப்ரன்ட்எண்ட் டீம்களில் அடுத்து நடப்பது ஒன்றுதான்: சிடிஎன் (தளத்தின் பிரதிகளைப் பயனருக்கு அருகே சேமித்துக் கொடுக்கும் சர்வர் வலை) டாஷ்போர்டைத் திறந்து, சேமித்த மொத்தத்தையும் பர்ஜ் செய்வது, அதாவது அழிப்பது. சில நேரம் சரியாகிவிடும். ஏன் சரியானது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அடுத்த ரிலீஸிலும் அதே கதை. பர்ஜ் செய்த நொடியிலேயே, எந்த அடுக்கு பழையதைப் பிடித்து வைத்திருந்தது என்பதற்கான தடயமும் அழிந்துபோகிறது. கேஷ் (சேமித்த பிரதிகள்) காலியானதும் எல்லாக் கோரிக்கையும் ஒரே நேரத்தில் ஆரிஜின் (தளத்தின் மூல சர்வர்) தலையில் விழுவது தனித் தொல்லை.

ஆகவே கீழே உள்ளவற்றில் எந்த அறிகுறியாக இருந்தாலும், இந்தப் பதிலைக் கொடுத்தது யார் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. ஒரே ஓர் அறிகுறிக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

## பதில் எங்கிருந்து வந்தது?

பயனரின் திரைக்கும் உங்கள் ஆரிஜினுக்கும் நடுவில் பிரவுசர் கேஷ், சர்வீஸ் வொர்க்கர் (தளம் பிரவுசரில் நிறுவும் பின்னணி ஸ்கிரிப்ட்), பக்கத்து எட்ஜ் மையம் (பயனருக்கு அருகே உள்ள சிடிஎன் சர்வர்கள்), போட்டிருந்தால் அதற்குப் பின்னால் ஷீல்டு (ஆரிஜினுக்கு முன் நிற்கும் இன்னொரு கேஷ் அடுக்கு) என இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் இரண்டையும் டெவ்டூல்ஸ் நெட்வொர்க் பகுதியின் சைஸ் பத்தியே காட்டிக்கொடுக்கும். மற்றவற்றுக்குப் பதிலோடு வரும் தகவல் வரிகளான ரெஸ்பான்ஸ் ஹெட்டர்தான் சாட்சி.

கர்ல் (கட்டளை வரியிலிருந்து ஒரு முகவரியைக் கேட்கும் கருவி) வைத்துப் பார்ப்பதாக இருந்தால் இரண்டு எச்சரிக்கை. ஹெட்டரை மட்டும் கேட்கும் ஹெட் கோரிக்கைக்குச் சில ஆரிஜின்கள் வேறு மாதிரி பதில் தரும். அதனால் கெட் அனுப்பி, உள்ளடக்கத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஹெட்டரை மட்டும் எடுங்கள். இரண்டாவது, எந்தச் சுருக்க முறைகளை ஏற்கும் என்று சொல்ல பிரவுசர் அனுப்பும் அக்செப்ட்-என்கோடிங்கை கர்ல் தானாக அனுப்பாது. பிராட்லி சுருக்கம் உள்ள பிரதி ஒன்றும் சுருக்காத பிரதி ஒன்றும் எட்ஜில் தனித்தனியாக இருக்கலாம். பயனர் பார்ப்பது ஒன்று, நீங்கள் சோதிப்பது வேறொன்று என்று ஆகிவிடும்.

இப்படி ஒரு பதில் வந்தது என்று வைத்துக்கொள்வோம்:

கேஷ்-கண்ட்ரோல்: மேக்ஸ்-ஏஜ்=0, எஸ்-மேக்ஸ்ஏஜ்=300
ஏஜ்: 5412
எக்ஸ்-கேஷ்: ஹிட்

எட்ஜில் 300 வினாடி வைத்தால் போதும் என்கிறது ஆரிஜின். ஆனால் பதிலின் வயது 5412 வினாடி, அதாவது ஒன்றரை மணி நேரம். இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: டாஷ்போர்டில் யாரோ ஒரு விதி எழுதி, எட்ஜ் டிடிஎல்லை (பிரதியை வைத்திருக்கும் காலத்தை) ஆரிஜின் சொல்வதற்கு மேலாக வைத்திருக்கிறார்கள். அது இல்லை என்றால், ஆரிஜின் பிழை தருவதால் காலாவதியான பிரதியையே சிடிஎன் கொடுத்துக்கொண்டிருக்கலாம். கோடில் தேடி எந்தப் பயனும் இல்லை. மூன்று வரி ஹெட்டர் இவ்வளவு சொல்லும். பர்ஜ் செய்திருந்தால் ஏஜ் பூஜ்யமாகி இருக்கும், விதியும் அங்கேயே ஒளிந்திருக்கும்.

எந்த மையத்திலிருந்து பதில் வந்தது என்பதும் அதே இடத்தில் கிடைக்கும். கிளவுட்ஃப்ளேர் என்ற சிடிஎன்னில் சிஎஃப்-ரே ஹெட்டரின் கடைசி மூன்று எழுத்தும், அமேசானின் சிடிஎன்னான கிளவுட்ஃப்ரன்ட்டில் எக்ஸ்-ஏஎம்இசட்-சிஎஃப்-பாப் ஹெட்டரின் முதல் மூன்று எழுத்தும் விமான நிலையக் குறியீடு. எஃப்ஆர்ஏ என்றால் ஃபிராங்க்ஃபர்ட். புகார் சொல்பவரிடம் இந்த ஒரு வரியை அனுப்பச் சொன்னாலே பாதி விவாதம் முடிந்துவிடும்.

## டிப்ளாய் ஆகிவிட்டது, பழைய பக்கமே வருகிறது

கர்ல் புதியதைக் காட்டுகிறது, பிரவுசர் பழையதைக் காட்டுகிறது என்றால் சிடிஎன்னைத் தொடவே வேண்டாம். பர்ஜ் எட்ஜ் வரைக்கும்தான் செல்லும். பிரவுசருக்கு ஒரு முறை மேக்ஸ்-ஏஜ் (எத்தனை வினாடி வைத்துக்கொள்ளலாம் என்ற அளவு) கொடுத்து அனுப்பிவிட்டால் அந்தப் பிரதி உங்கள் கையை விட்டுப் போனதுதான். எச்டிஎம்எல்லுக்கு பிரவுசரில் பூஜ்யம், எட்ஜில் சில நிமிடம். பெயரில் ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட குறியீடு) உள்ள கோப்புகளுக்கு 31536000 வினாடியும் (ஓராண்டு) இம்யூட்டபிளும் (மாறவே மாறாது என்ற குறிப்பு). இந்தப் பிரிவினைக்கு மேல் நுட்பமாக எதையும் யோசிக்கும் டீம்கள் பெரும்பாலும் வம்பை விலைக்கு வாங்குகின்றன என்பது என் எண்ணம்.

நோ-கேஷ் என்று போட்டால் சேமிக்காது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேமிக்கும், ஒவ்வொரு முறையும் ஆரிஜினிடம் கேட்டு உறுதி செய்துவிட்டுத்தான் கொடுக்கும். சேமிக்கவே கூடாது என்றால் நோ-ஸ்டோர்.

கேஷ்-கண்ட்ரோலே அனுப்பாமல் விடுவது இதைவிட மோசம். லாஸ்ட்-மாடிஃபைடு மட்டும் இருந்தால் பிரவுசர் தானே ஒரு காலத்தைக் கணித்துக்கொள்ளும். எச்டிடிபி கேஷ் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9111 இதற்கு உதாரணமாகச் சொல்வது, கடைசியாக மாறியதிலிருந்து கடந்த காலத்தில் 10 சதவீதம். பத்து நாளுக்கு முன் மாறிய கோப்பு ஒரு நாள் முழுக்கப் புதியதாகவே எண்ணப்படும். கிளவுட்ஃப்ரன்ட்டின் இயல்பு டிடிஎல் 24 மணி நேரம். யாரும் எதையும் தீர்மானிக்காமலே ஒரு நாள் பழைய பக்கம் ஓடுவது இப்படித்தான்.

சர்வீஸ் வொர்க்கர் போட்ட தளம் என்றால் சந்தேகத்தை அதன் மேல் முதலில் வையுங்கள். அதன் ஸ்கிரிப்ட்டைப் பிரவுசர்கள் இப்போது எச்டிடிபி கேஷைத் தாண்டித்தான் புதுப்பிக்கின்றன. ஆனால் புதிய வொர்க்கர் வந்து இறங்கினாலும், பழையது ஆளும் எல்லா டேபும் மூடும் வரை காத்திருக்கும். ரீலோடு செய்தால் போதும் என்பது இங்கே செல்லாது. டெவ்டூல்ஸ் அப்ளிகேஷன் பகுதியில் ஒரு வொர்க்கர் 'வெயிட்டிங்' என்று நின்றால் குற்றவாளி அதுதான்.

## வெள்ளைத் திரை, கன்சோலில் "அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் '<'"

ஃப்ரன்ட்எண்ட் ஆட்களை அதிகம் அலைக்கழிப்பது இது. உங்கள் மெஷினில் வராது, புதிதாகத் தளத்தைத் திறப்பவருக்கும் வராது. காலையிலிருந்து டேபைத் திறந்தே வைத்திருக்கும் பயனருக்குத்தான் வரும்.

நடப்பது இது. பயனர் கையில் இருக்கும் பழைய பக்கம், வேறொரு ரூட்டுக்குப் போகும்போது செட்டிங்ஸ்-4417.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் துண்டைக் கேட்கிறது. புதிய பில்டில் அதன் பெயர் செட்டிங்ஸ்-9052.ஜேஎஸ், பழையதை டிப்ளாய் ஸ்கிரிப்ட் துடைத்துவிட்டது. கோப்பு இல்லை என்றால் 404 வர வேண்டும். ஆனால் எல்லா முகவரிக்கும் ஒரே இண்டெக்ஸ் பக்கம் இயங்கும் ஒற்றைப் பக்க ஆப் என்பதால், எது கிடைக்காவிட்டாலும் 200 (வெற்றி) போட்டு இண்டெக்ஸ் பக்கத்தைக் கொடு என்று எப்போதோ ஒரு விதி எழுதப்பட்டிருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் கேட்ட பிரவுசருக்கு எச்டிஎம்எல் வருகிறது. முதல் எழுத்தே '<'. பார்சர் அங்கேயே தடுக்கி விழுகிறது. மாட்யூல் ஸ்கிரிப்ட் என்றால், மைம் வகை சரியில்லை என்று எழுத்தைப் படிக்காமலே பிரவுசர் மறுத்துவிடும்.

உறுதி செய்வது சுலபம். பிழையில் வந்த கோப்பின் முகவரியை நேரடியாகக் கேட்டு கன்டென்ட்-டைப்பைப் பாருங்கள். ஜேஎஸ் என்று முடியும் முகவரிக்கு டெக்ஸ்ட்/எச்டிஎம்எல் வந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

தீர்வில் முதலாவது, ஜேஎஸ், சிஎஸ்எஸ் கோப்புகள் இருக்கும் அசெட்ஸ் ஃபோல்டருக்கு அந்த இண்டெக்ஸ் விதி பொருந்தக் கூடாது. அங்கே இல்லாதது இல்லை என்றே 404 வரட்டும். அந்த 404-ஐ எட்ஜ் நீண்ட நேரம் வைத்துக்கொள்ளவும் கூடாது. கிளவுட்ஃப்ரன்ட் பிழைகளை இயல்பாக 10 வினாடிதான் வைக்கும். நீங்களாக அதைக் கூட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டாவது, பழைய ஹாஷ் கோப்புகளைச் சில வாரங்களாவது அழிக்காதீர்கள். ஸ்டோரேஜ் செலவு என்று யாராவது ஆட்சேபித்தால், மொத்த பில்டின் அளவை எடுத்துக் காட்டுங்கள், பேச்சு நின்றுவிடும். மூன்றாவது, அப்லோடு வரிசை: முதலில் அசெட்ஸ் எல்லாம் போய்ச் சேர வேண்டும், அதன் பிறகே எச்டிஎம்எல்.

இவ்வளவுக்குப் பிறகும் வாரக்கணக்கில் டேபை மூடாத பயனர் இருப்பார். அவருக்காக, துண்டு ஏறவில்லை என்ற பிழையைப் பிடித்துப் பக்கத்தை ஒரு முறை ரீலோடு செய்யுங்கள். வெப்பேக் என்ற பில்டு கருவியில் அது சங்க்லோட்எரர், வீட் (Vite) என்ற கருவியில் வீட்:ப்ரீலோட்எரர் என்ற ஈவண்ட். ஒரு முறை ரீலோடு ஆனதை செஷன்ஸ்டோரேஜில் குறித்துவைக்க மறந்தால், உண்மையிலேயே கோப்பு இல்லாத நாளில் பக்கம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதன் தலைகீழ் வடிவம் ஒன்று உண்டு, அதுதான் பயங்கரம். பல சர்வர்களில் படிப்படியாக ரிலீஸ் ஆகும்போது, புதிய எச்டிஎம்எல் ஒரு சர்வரிலிருந்து வருகிறது, அது கேட்கும் புதிய துண்டோ இன்னும் புதுப்பிக்கப்படாத சர்வருக்குப் போகிறது. அந்த சர்வர் இண்டெக்ஸ் பக்கத்தை 200 என்று கொடுக்கிறது. அசெட்ஸ் பாதைக்கு ஓராண்டு, இம்யூட்டபிள் என்று சிடிஎன் விதி இருந்தால், சரியான பெயரில் தவறான உள்ளடக்கம் ஓராண்டுக்குப் பதிந்துவிடும், எட்ஜில் மட்டுமல்ல, பயனரின் பிரவுசரிலும். எட்ஜைப் பர்ஜ் செய்யலாம்; பிரவுசரை என்ன செய்வது? அதே கோடை மறுபடி பில்டு செய்தால் அதே ஹாஷ்தான் வரும். பெயர் மாற வேண்டும்: ஃபோல்டர் பெயரை மாற்றுங்கள், அல்லது பில்டில் ஏதாவது ஓர் எழுத்தை மாற்றி எல்லா ஹாஷும் புதிதாக வரும்படி செய்யுங்கள்.

## எல்லாமே மிஸ், ஹிட் விகிதம் தரைமட்டம்

எட்ஜ் தன்னிடமுள்ள பிரதியையே கொடுத்தால் ஹிட், ஆரிஜினிடம் போய் வாங்கினால் மிஸ். எல்லாமே மிஸ் என்றால் அது பெரும்பாலும் ஹெட்டர் சமாச்சாரம்தான். நிலையான கோப்புகளிலும் செட்-குக்கீ வருகிறதா என்று பாருங்கள். ஃப்ரேம்வொர்க் மிடில்வேர் (எல்லாக் கோரிக்கையையும் நடுவில் கையாளும் கோடு) எல்லாப் பதிலிலும் குக்கீயை ஒட்டிவிடும், பல சிடிஎன்கள் அதைப் பார்த்ததும் கேஷ் செய்யாமல் ஒதுங்கும். எதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று சொல்லும் வேரி ஹெட்டரில் யூசர்-ஏஜென்ட் (பிரவுசரின் பெயரும் வெர்ஷனும்) இருந்தால் ஒவ்வொரு பிரவுசர் வெர்ஷனுக்கும் ஒரு பிரதி என்று கேஷ் சிதறிப்போகும். விளம்பர இணைப்புகளில் தொங்கும் யூடிஎம், ஜிசிஎல்ஐடி, எஃப்பிசிஎல்ஐடி போன்ற கொக்கிகளையும் கேஷ் கீயிலிருந்து (பிரதியை அடையாளம் காண எட்ஜ் வைத்திருக்கும் பெயரிலிருந்து) கழற்றிவிடுங்கள்.

கிளவுட்ஃப்ளேரில் சிஎஃப்-கேஷ்-ஸ்டேட்டஸ் 'டைனமிக்' என்று சொன்னால் அது கோளாறே இல்லை. எச்டிஎம்எல்லை அது இயல்பாகக் கேஷ் செய்வதில்லை. வேண்டுமென்றால் நீங்கள் விதி எழுத வேண்டும்.

பொது சிடிஎன்னிலிருந்து லைப்ரரி எடுத்தால் பயனரிடம் ஏற்கெனவே இருக்கும், இறக்க வேண்டாம் என்ற பழைய கணக்கும் இப்போது உதவாது. 2020-இல் குரோம் 86-இலிருந்து பிரவுசர் கேஷ் தளம்வாரியாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. இன்னொரு தளத்தில் இறங்கிய கோப்பு உங்கள் தளத்துக்குக் கிடைக்காது. கூடுதலாக ஒரு டிஎன்எஸ், ஒரு டிஎல்எஸ் இணைப்புச் செலவுதான் மிச்சம்.

## ஒருவர் கணக்கில் இன்னொருவர் பெயர் தெரிகிறது

விலக்கு என்று சொன்னது இதற்குத்தான். இங்கே துப்பறிதல் பிறகு. கையில் இருக்கும் பதிலின் ஹெட்டரை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, அந்தப் பாதைகளுக்குக் கேஷை நிறுத்தி, உடனே மொத்தமாகப் பர்ஜ் செய்யுங்கள். வரிசை முக்கியம்: விதியை நிறுத்தாமல் பர்ஜ் செய்தால் அடுத்த நொடியே மறுபடி நிரம்பும். கேஷான பதிலில் செட்-குக்கீயும் இருந்தது தெரிந்தால் பெயர் மட்டும் கசியவில்லை, செஷனே கைமாறியிருக்கிறது. எல்லா செஷனையும் ரத்து செய்யுங்கள்.

2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற வீடியோ கேம் கடையில் நடந்தது இதுதான். தாக்குதல் ஒன்றைச் சமாளிக்கப் போட்ட கேஷ் அமைப்பு தவறாகிப்போய், ஒருவருக்கான பக்கம் இன்னொருவருக்குப் போனது. சுமார் 34,000 பயனர்களின் விவரங்கள் மற்றவர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. நெருக்கடியில் அவசரமாக எழுதும் கேஷ் விதிக்குத்தான் மறுபார்வை அதிகம் தேவை.

வேர்க்காரணம் தேடும்போது மூன்று இடம். லாகின் செய்தவரின் பதிலில் பிரைவேட் (எட்ஜ் போன்ற பொதுக் கேஷ் சேமிக்கக் கூடாது) அல்லது நோ-ஸ்டோர் இல்லாதது. ஆரிஜின் சொன்னாலும் கேட்காமல் எல்லாவற்றையும் கேஷ் செய்யும் டாஷ்போர்டு விதி. மூன்றாவது, கோப்பின் வால் எழுத்தை மட்டும் நம்பும் விதி: கணக்குப் பக்கத்தின் முகவரியோடு ஏதோ.சிஎஸ்எஸ் என்று ஒட்டினால் ஆரிஜின் கணக்குப் பக்கத்தையே கொடுக்கும், எட்ஜ் அதை சிஎஸ்எஸ் என்று எண்ணிச் சேமித்துக்கொள்ளும். வெப் கேஷ் டிசெப்ஷன் என்ற பெயரில் 2017-இல் ஓமர் கில் வெளிக்கொணர்ந்த தாக்குதல் இது.

## ஃபான்ட், படம் சில நேரம் மட்டும் கார்ஸ் பிழை தருகிறது

கார்ஸ் என்பது ஒரு தளத்தின் கோப்பை வேறொரு தளம் படிக்கலாமா என்று பிரவுசர் பார்க்கும் விதி. 'சில நேரம்' என்பதிலேயே விடை இருக்கிறது. சாதாரண பட டேக் ஆரிஜின் ஹெட்டர் (எந்தத் தளம் கேட்கிறது என்று சொல்வது; மூல சர்வர் அல்ல) இல்லாமல் கேட்கிறது; அனுமதி ஹெட்டர் இல்லாத பதில் கேஷாகிறது. பிறகு கேன்வாஸுக்காக அதே படத்தை ஃபெட்ச் கேட்கும்போது அந்தப் பழைய பதிலே திரும்புகிறது. யார் முதலில் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துப் பிழை வரும், போகும். எல்லாருக்கும் பொதுவான கோப்புகளுக்கு அனுமதி ஹெட்டரில் நட்சத்திரக் குறியை (எந்தத் தளமும் படிக்கலாம்) எப்போதும் அனுப்பிவிடுவது எளிது. குறிப்பிட்ட தளங்களுக்கு மட்டும் என்றால் ஆரிஜின் ஹெட்டர் வந்தாலும் வராவிட்டாலும் வேரி: ஆரிஜின் இருக்க வேண்டும், சிடிஎன்னும் அதைக் கேஷ் கீயில் சேர்க்க வேண்டும்.

## "டூ மெனி ரீடைரக்ட்ஸ்"

சிடிஎன்னிலிருந்து ஆரிஜினுக்குப் போகும் இணைப்பு எச்டிடிபி, ஆரிஜினோ எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ என்று திருப்பி அனுப்புகிறது. பிரவுசர் மறுபடி கேட்டாலும் சிடிஎன் எச்டிடிபியிலேயே போவதால் இது சுற்றிக்கொண்டே இருக்கும். கிளவுட்ஃப்ளேரில் எஸ்எஸ்எல் முறை 'ஃப்ளெக்ஸிபிள்' என்றிருந்தால் அதை 'ஃபுல் ஸ்டிரிக்ட்' ஆக்குங்கள். ஆரிஜினில் செல்லுபடியாகும் சான்றிதழ் இருக்க வேண்டும்.

## எட்ஜ் ஃபங்ஷன் லோக்கலில் ஓடுகிறது, அங்கே விழுகிறது

எட்ஜ் ஃபங்ஷன் என்பது எட்ஜ் மையத்திலேயே ஓடும் உங்கள் கோடு. எட்ஜ் என்றால் சின்ன நோட்.ஜேஎஸ் சர்வர் என்று நினைத்து எழுதுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. கிளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸ் ஓடுவது வி8 ஐசொலேட்டில் (குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினுக்குள் ஒரு தனி அறை). ஒவ்வொன்றுக்கும் 128 எம்பி நினைவகம். இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கைக்கு 10 மில்லிவினாடி சிபியு நேரம். ஃபெட்ச் பதிலுக்காகக் காத்திருப்பது சிபியு நேரத்தில் சேராது. பெரிய ஜேசனைப் பிரிப்பதும் பக்கத்தை ரெண்டர் செய்வதும் சேரும். கிளவுட்ஃப்ரன்ட் ஃபங்ஷன்ஸ் இன்னும் கறார்: கோடு 10 கேபிக்குள், நெட்வொர்க் அழைப்பே கிடையாது. ரீரைட், ரீடைரக்ட், ஹெட்டர் திருத்தம், இவற்றுக்கு அது போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் அமேசானின் இன்னொரு சேவையான லாம்டா@எட்ஜ்.

எங்கே நேரம் போகிறது என்று வொர்க்கருக்குள் டேட்.நவ் வைத்து அளந்தால் வித்தியாசம் பூஜ்யம் என்றே வரும். நேர வித்தியாசத்தை அளந்து நினைவகத்தில் உள்ளதைத் திருடும் ஸ்பெக்டர் வகைத் தாக்குதலைத் தடுக்க, கணக்கீடு ஓடும்போது கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஐ/ஓ (நெட்வொர்க் அழைப்பு போன்றவை) நடந்தால்தான் நகரும். 'என் கோடு மின்னல் வேகம்' என்று மகிழ்ந்துவிட வேண்டாம்.

லாம்டா@எட்ஜில் லாக் எதுவுமே இல்லை என்று தோன்றினால், தப்பான ரீஜனில் தேடுகிறீர்கள். ஃபங்ஷனை உருவாக்குவது யுஎஸ்-ஈஸ்ட்-1-இல்; லாக் விழுவதோ, அது எந்த மையத்துக்கு அருகே ஓடியதோ அந்த ரீஜனின் கிளவுட்வாட்ச்சில் (அமேசானின் லாக் சேவை).

அனுமதி சரிபார்ப்பை எட்ஜ் மிடில்வேரில் மட்டும் வைத்திருந்தால், அதைத் தாண்டி யாராவது வரும் நாளில் காப்பு எதுவும் இருக்காது. 2025 மார்ச்சில் வெளிவந்த நெக்ஸ்ட்.ஜேஎஸ் ஃப்ரேம்வொர்க்கின் பாதுகாப்பு ஓட்டை, சிவிஇ-2025-29927, அப்படித்தான்: ஒரு உள் ஹெட்டரை வெளியிலிருந்து அனுப்பினாலே மிடில்வேர் ஓடாமல் போனது. டேட்டாவைக் கொடுக்கும் இடத்திலும் சரிபாருங்கள்.

## எட்ஜுக்கு மாற்றிய பிறகு பக்கம் இன்னும் மெதுவாகிவிட்டது

கணக்கைப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். எட்ஜிலிருந்து டேட்டாபேஸ் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்வர மிகக் குறைந்தது 100 மில்லிவினாடி. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு க்வெரி என்றால் 400. அதே ஃபங்ஷன் டேட்டாபேஸ் பக்கத்தில் ஓடினால் பயனரிடமிருந்து ஒரே ஒரு நீண்ட பயணம், மற்ற நான்கும் கூப்பிடு தூரம். பயனருக்கு அருகே கோடைக் கொண்டுபோனவர்கள், டேட்டாவை விட்டு விலகிப்போனதைக் கவனிக்கவில்லை.

டேட்டாபேஸோடு ஒரு முறைக்கு மேல் பேசும் பக்கத்தை எட்ஜில் ரெண்டர் செய்யாதீர்கள் என்பதே நான் சொல்வது. டேட்டாபேஸுக்கு அருகில் ரெண்டர் செய்து, வரும் எச்டிஎம்எல்லை ஸ்டேல்-வைல்-ரீவேலிடேட் (பழையதைக் கொடுத்துக்கொண்டே பின்னணியில் புதுப்பிப்பது) போட்டு எட்ஜில் வையுங்கள். மொழித் தேர்வு, ஏ/பி பிரிப்பு, டோக்கன் கையெழுத்தைப் பார்ப்பது போன்றவை எட்ஜுக்கே உரியவை.

சின்ன தகவல்களை எட்ஜ் கேவி ஸ்டோரில் (பெயருக்கு ஒரு மதிப்பு என்று சேமிக்கும் இடம்) வைத்தால் தூரம் பிரச்சினை இல்லை, ஆனால் ஒரு ஃபிளாகை மாற்றினால் எல்லா இடத்திலும் உடனே தெரியாது. கிளவுட்ஃப்ளேர் கேவியில் 60 வினாடியோ அதற்கு மேலோ ஆகலாம். எழுதிய உடனே படித்துப் பார்த்து 'வேலை செய்யவில்லை' என்று பக் எழுதுபவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

## குறிப்பிட்ட ஊர்க்காரர்களுக்கு மட்டும் கோளாறு

புகார் செய்தவர்களின் விமான நிலையக் குறியீடு எல்லாம் ஒன்றே என்றால் அந்த மையத்தின் பிரதி கெட்டிருக்கலாம், அல்லது அங்கிருந்து ஆரிஜினுக்குப் போகும் வழி அடைபட்டிருக்கலாம். முதலாவதற்கு அந்த ஒரு முகவரியை மட்டும் பர்ஜ் செய்தால் போதும். இரண்டாவதற்கு, அதே மையத்தில் கேஷில் இல்லாத ஒரு முகவரியைக் கேளுங்கள். 522 அல்லது 504 (ஆரிஜின் நேரத்துக்குள் பதில் தரவில்லை) வந்தால் ஆரிஜின் ஃபயர்வால் அந்த ஐபி வரம்பைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிடிஎன் புதிய ஐபி வரம்பு சேர்த்ததும் ஆரிஜினின் பழைய அனுமதிப் பட்டியல் அதை விரட்டுவது வழக்கமான விபத்து.

குறியீடுகள் பலவாக இருந்தும் எல்லாருக்கும் 503 என்றால் உங்கள் பக்கம் தவறு இல்லாமலும் இருக்கலாம். 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி என்ற சிடிஎன்னில் ஒரு வாடிக்கையாளர் செய்த முறையான அமைப்பு மாற்றமே உள்ளே கிடந்த பக்கைத் தட்டி எழுப்பி, அதன் நெட்வொர்க்கில் 85 சதவீதம் பிழை தந்தது. 49 நிமிடத்தில் 95 சதவீதம் மீண்டது. அப்படிப்பட்ட நேரத்தில் செய்யக்கூடியது, டிஎன்எஸ்ஸை மாற்றிச் சிடிஎன்னைச் சுற்றிப் போவது. அதற்கு டிஎன்எஸ் டிடிஎல் முன்கூட்டியே சில நிமிடங்களாக இருக்க வேண்டும், ஆரிஜினில் பொதுச் சான்றிதழ் இருக்க வேண்டும், முழு டிராஃபிக்கையும் ஆரிஜின் தாங்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பார்த்திருப்பதே மேல்; பாதி வழியில் டிஎன்எஸ்ஸை மாற்றி, சிடிஎன் எழுந்த பிறகும் தளம் எழாமல் கிடப்பது இன்னும் நீளமான கோளாறு.